ஒன்றாம் வகுப்பு குடிபோன காலை

ஜனவரி மாதம் ஆறாம் நாள், திங்கட்கிழமை. விடியுமுன் தூறத் தொடங்கிய மழை ஏழு மணிக்கெல்லாம் ஓய்ந்துவிட்டது. ஆயினும் வானம் வெளுக்கவில்லை. தெருவெங்கும் ஈரம் பளபளத்தது. குளிர்ந்த காற்று வீசியது. புதுக் கல்வியாண்டுக்குப் பள்ளி திறக்கும் நாளுக்கென்றே துவைத்துத் தேய்த்த சட்டைகள், மழை மறுபடி வந்துவிடுமோ என்ற அச்சத்தில் குடைகளுக்கு அடியில் ஒடுங்கிச் சென்றன.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெரிய உருவம் முன்னே சென்றது. அதன் சட்டை நுனியைப் பற்றியவாறு ஒரு சிறிய உருவம் நடந்தது. இரண்டுக்கும் பின்னால், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஒரு நடுத்தர உருவம் வந்தது.

பெரிய உருவம், வீடு மாற்றுவோரின் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கும் லோடுமேன். இரும்பு பீரோவைத் துணை இல்லாமல் தனி ஆளாக மாடிக்கு ஏற்றிவிடுவார் என்பதால், உடன் வேலை செய்வோர் அவருக்குப் ‘பீரோ’ என்றே பெயர் சூட்டியிருந்தனர். கோபம் இல்லாத வேளைகளில் அவருடைய மனைவியும் அப்படித்தான் அழைப்பாள். சிறிய உருவம் அவருடைய ஒரே மகள். நடக்கப் பழகிய பின்னரும் அப்பாவின் தோளை விட்டு இறங்க மறுத்ததால் வீட்டில் அவளுக்கு ‘மூட்டை’ என்று பெயர். நடுத்தர உருவம், வெளியூரிலிருந்து முந்தைய நாள் வந்து இறங்கிய பீரோவின் அக்கா. அவர் கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதில் இருந்தவை அனைத்தும் மூட்டையின் உடுப்புகள்.

அந்தப் பைக்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு இதே ஒன்றாம் வகுப்பில் மூட்டையைச் சேர்த்தபோது, சுவரில் இருந்த யானைப் படத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து, பீரோ சத்தமில்லாமல் நழுவிச் சென்றார். அவள் திரும்பினாள், அப்பாவைக் காணவில்லை. அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் அழுதாள். ஒருநாள் வாயிலைத் தாண்டி, லாரிச் சத்தம் கேட்ட திசையில் சாலைக்கே ஓடிவிட்டாள். பயந்துபோன பள்ளியினர், “அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று திருப்பி அனுப்பினர். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பகல் வேலை. ஆகையால் அந்த ஆண்டு முழுவதையும் மூட்டை லாரியின் முன் இருக்கையிலேயே கழித்தாள். இப்போது முதலாளி, “இனிமே வண்டியில குழந்தை ஏறக் கூடாது. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார். அவர் கூறியதில் பிழையும் இல்லை.

எனவே வீட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. இன்று பள்ளி விடும்வரை மூட்டை வகுப்பில் இருந்துவிட்டால் நல்லது. இல்லையேல் மதியப் பேருந்தில் அத்தை அவளைத் தம் ஊருக்கு அழைத்துச் சென்று, ஓராண்டு அங்கேயே வைத்துக்கொள்வார். அம்மா உடுப்புகளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அந்தப் பையின் பக்கம் திரும்பாமலே வேலைக்குப் போய்விட்டாள்.

“டேய், நான் சொல்றதக் கேளு,” என்றார் அக்கா. “உள்ள விட்டதும் எதையாவது காட்டு. அவ பராக்குப் பார்க்கிற நேரத்துல நைசா நழுவிடு. என் மூணு பிள்ளைங்களையும் அப்படித்தான் விட்டேன்.”

“உன் பெரியவன் இன்னிக்கும் உன்ன நம்ப மாட்டேங்கிறானேக்கா.”

“அது அவன் பொண்டாட்டி சொல்லிக் குடுத்தது. பேச்ச மாத்தாத.”

பள்ளியின் தரைத்தளத்தில், நடையின் கடைசியில் ஒன்றாம் வகுப்பு இருந்தது. அதன் வாயிலை அடைந்ததும் பீரோ திடுக்கிட்டு நின்றார். சிறு நாற்காலிகள் அனைத்தும் நடையில் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு அப்பால், இழுப்பறைகள் கொண்ட கனமான ஒரு மரமேசை சுவரோரம் கிடந்தது. வகுப்பறையினுள் ஒரு துரும்பும் இல்லை. ஈரத்துணியால் துடைத்த தரையும் எதுவும் எழுதாத கரும்பலகையும் மட்டுமே தெரிந்தன.

“ஏன்க்கா, இங்க யாரு வீடு காலி பண்றாங்க?” என்று தம்மையறியாமல் கேட்டுவிட்டார்.

“யாரும் காலி பண்ணல. இன்னிக்குத்தான் குடிவர்றாங்க,” என்றது ஒரு குரல்.

கதவருகே நின்ற டீச்சரின் குரல் அது. மெலிந்த தேகம், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டைக் கை, மூக்கிலிருந்து சறுக்கிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. அவர் முகத்தில் பெரிய சிரிப்பு எதுவும் இல்லை. ஆனால் வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒதுங்கி வழிவிட்டு, “வாங்க, வாங்க” என்று வரவேற்றார். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அத்தகைய மரியாதை புதிது. ஒரு சிறுவன், தன் பின்னால் பெரியவர் யாரேனும் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தான்.

பிள்ளைகள் ஓரளவு கூடியதும் டீச்சர் பேசினார்:

“எல்லாரும் வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம். பாருங்க, இந்த ரூம் காலியா இருக்கு. ஏன்னா, இன்னும் யாரும் குடிவரல. நீங்கதான் வரப்போறீங்க. ஆளுக்கு ஒரு நாற்காலி. அவங்கவங்களே எடுத்துட்டு வரணும். எங்க வேணும்னாலும் போடலாம். போட்டதுக்கு அப்புறம் அதுதான் உங்க இடம். உங்களக் கேட்காம நான்கூட அத நகர்த்த மாட்டேன்.”

“கூரை மேல போடலாமா டீச்சர்?” என்று கேட்டான், திரும்பிப் பார்த்த அதே சிறுவன்.

“தாராளமா. ஏற முடியுதா பாருங்க.”

அவன் அண்ணாந்து பார்த்தான், சற்று யோசித்தான், பின்பு தரையே மேல் என்று தீர்மானித்துக்கொண்டான்.

டீச்சர் பெற்றோரின் பக்கம் திரும்பினார். “பெரியவங்க எல்லாரும் அந்த ஜன்னல் பக்கம் நில்லுங்க. கைய மட்டும் கட்டிக்கங்க. கஷ்டமாத்தான் இருக்கும், பழகிடும்.”

நடையெங்கும் நாற்காலிகளின் கீச்சொலி எழுந்தது. ஒருவன் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கால்களுக்கு நடுவே வழி பார்த்து நடந்தான். இரண்டு சிறுமிகள் ஒரே நாற்காலியைச் சேர்ந்து தூக்கிச் சென்று, உள்ளே போன பிறகுதான் மற்றொன்று வேண்டுமே என்பதை உணர்ந்தனர். ஒருத்தி சுவரைப் பார்க்கத் தன் நாற்காலியைப் போட்டு அமர்ந்தாள்.

“ஏய், திரும்பி உக்காருடி! மானத்த வாங்காத!” என்று ஜன்னல் வழியே அவள் தாய் கத்தினாள்.

“இருக்கட்டும்மா,” என்றார் டீச்சர். “நல்லா வெள்ளையடிச்ச சுவரு. யாராவது பார்க்கட்டுமே.”

பீரோவுக்கு அந்தக் காட்சியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இருபது ஆண்டுகளாகப் பிறர் வீடுகளுக்குச் சாமான் சுமந்தவர் அவர். குடிவருகிறவரிடம் ‘இதை எங்கே வைக்கட்டும்?’ என்று கேட்பது எத்துணைப் பெரிய மரியாதை என்பதை நன்கு அறிவார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது, வாடகைக்கு வந்தவர்கூட ஒரு கணம் நிமிர்ந்து நிற்பதைக் கண்டிருக்கிறார். ஆனால் அந்த மரியாதையைப் பால்பல் விழாத பிள்ளைகளுக்கு அளித்த ஒருவரை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்.

மூட்டை மட்டும் அசையவில்லை. டீச்சர் அவளைக் கெஞ்சவில்லை; கொஞ்சவும் இல்லை. “மெதுவா வாங்க. அவசரம் இல்ல,” என்று ஒரே ஒரு முறை கூறிவிட்டு அப்பால் சென்றார். சிறிது நேரம் கழித்து, பீரோவின் சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. மூட்டை நாற்காலிக் குவியலை நோக்கி நடந்தாள். ஒன்றைப் பற்றி இழுத்தாள். கதவின் கீழ்ப்படியில் அதன் கால் மாட்டிக்கொண்டது. அவள் இழுத்தாள், வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

அவ்வளவுதான். தம் கண்முன்னே ஒரு சாமான் வாசலில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பீரோவால் பொறுக்க முடியவில்லை. அடுத்த கணம் அவருடைய ஒரு கையில் நாற்காலி இருந்தது. மறு கையில் மூட்டை இருந்தாள். இரண்டையும் அறையின் நடுவில் அழகாக இறக்கி வைத்தார். அத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. தூக்கப் பழகிய கை சும்மா இருக்குமா? நடைக்குப் போனார், மிச்சமிருந்த நாற்காலிகளை நான்கு நான்காக அள்ளி வந்தார், பிள்ளைகள் கோணல்மாணலாகப் போட்டிருந்தவற்றையும் சேர்த்து நூல் பிடித்தாற்போல் வரிசையாக அடுக்கினார். பின்பு கைகளைத் தட்டித் தூசி உதறிக்கொண்டு, “முடிஞ்சுது டீச்சர்!” என்றார்.

பிள்ளைகள் தங்கள் நாற்காலிகளைத் தேடினர்.

“என் இடம் எங்க?” என்று ஒரு சிறுவன் உதட்டைப் பிதுக்கினான். சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தவள் இப்போது வேறு ஒருவனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள் விசும்பத் தொடங்கினர். மூட்டை எழுந்து வந்து, அப்பாவின் சட்டையை முன்னிலும் இறுக்கமாகப் பற்றிக்கொண்டாள்.

“அட பாவி!” என்று ஜன்னலுக்கு வெளியே அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

பீரோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம் மகளுக்கு அமையவிருந்த ஒரு நல்வாய்ப்பைத் தம் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது. டீச்சர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு வரிசைகளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏளனம் கடுகளவும் இல்லை.

“ரொம்ப நேர்த்தியா அடுக்கியிருக்கீங்க. நான் ஒரு நாள் முழுக்க நின்னாலும் இப்படி வராது,” என்றார். “ஆனா பாருங்க, இது உங்க வீடா போச்சு. இவங்க வீடு வேணும். எல்லாத்தையும் திரும்ப வெளிய போட்டுடறீங்களா?”

பிள்ளைகளிடம், “இந்த அப்பாவுக்கு நம்ம வழக்கம் தெரியாது. நமக்கு ரெண்டாவது தடவை குடிவர்ற அதிர்ஷ்டம் அடிச்சிருக்கு. இந்தத் தடவை வேற இடம் பிடிக்கணும்னாலும் பிடிக்கலாம்,” என்றார். விசும்பல் நின்றது. சுவர்க்காரி உடனே வேறு சுவரை நோட்டமிட்டாள்.

நாற்காலிகள் மீண்டும் நடைக்கு வந்தன. பீரோ வெட்கத்தோடு ஜன்னல் பக்கம் ஒதுங்கப் பார்த்தார். டீச்சர் விடவில்லை.

“உங்க கை சும்மா இருக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. அதுக்கு ஒரு வேலை தர்றேன். என் மேசை வெளிய கிடக்கு. எனக்கும் ஒரு இடம் வேணுமில்லையா? அது எங்கன்னு பிள்ளைங்க முடிவு பண்ணுவாங்க. அதுவரைக்கும் தூக்கிட்டு நிக்க முடியுமா?”

பீரோ மேசையைத் தூக்கினார். முகத்தை மறைக்கும் அளவுக்கு அது அகலமாக இருந்தது. உள்ளே பிள்ளைகளுக்குள் வாதம் மூண்டது. கரும்பலகை அருகே என்றனர் சிலர். நடுவில் என்றான் ஒருவன். “டீச்சர் கடைசியில உக்காரட்டும், அப்பதான் நம்மள எழுப்ப மாட்டாங்க,” என்றான் கூரைக்காரன். பீரோவின் கழுத்து நரம்பு புடைத்தது. மூட்டை அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

“சரி, முதல்ல மேசை உள்ள வரட்டும். பாவம், கை வலிக்கும்,” என்றார் டீச்சர்.

பீரோ அடியெடுத்து வைத்தார். மேசைக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மேசையின் கால் கதவுநிலையை உரசப் போயிற்று. அப்போது அந்தக் குரல் எழுந்தது.

“அப்பா, நில்லு! இடது கால் இடிக்குது. சாய்ச்சுப் பிடி!”

சட்டையை விட்டுவிட்டு, மூட்டை ஒரே ஓட்டமாக அறைக்குள் புகுந்து அவருக்கு எதிரே நின்றிருந்தாள். ஓராண்டுக் காலம் லாரியின் முன் இருக்கையில் அமர்ந்து, கட்டில்களும் அலமாரிகளும் வாசல் நுழைவதைப் பார்த்துப் பார்த்துப் பாடமாகியிருந்த குரல் அது. “இன்னும் சாய்! வா, வா, வா… தலை, தலை! குனி! வா, வா… நில்லு!”

மற்றப் பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டாகத் தோன்றியது. “வா, வா, வா!” என்று வகுப்பே சேர்ந்து கூவியது. பீரோ குனிந்தார்; சாய்ந்தார்; ஒரு கீறலும் இல்லாமல் மேசை உள்ளே வந்தது.

டீச்சர் மூட்டையின் அருகே வந்து நின்றார். “இவ்வளவு தெளிவா வழி சொல்றீங்களே! அப்ப எங்க வைக்கிறதுன்னும் நீங்களே சொல்லுங்க.”

மூட்டை தயங்கவில்லை. கதவுக்கு உள்பக்கமாகக் கையை நீட்டினாள். “இங்க.”

“கதவுகிட்டயா? ஏன்?”

“அப்பதான் நீங்க போனா தெரியும்.”

டீச்சர் கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “சரி. மேசை இங்கயே இருக்கட்டும். நான் எப்ப வெளிய போனாலும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். எத்தனை நிமிஷத்துல வருவேன்னும் சொல்வேன்,” என்றார். அதை அவர் ஒரு பெரிய மனிதருக்கு வாக்குக் கொடுப்பவர் போலக் கூறினார்.

மேசை இறங்கியது. மூட்டை நடைக்குச் சென்றாள். ஒரு நாற்காலியைப் பற்றினாள். முன்பு போலவே கதவுப்படியில் அதன் கால் மாட்டிக்கொண்டது. பீரோ தம் இரு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். மூட்டை நாற்காலியைச் சாய்த்தாள், திருப்பினாள், வா, வா என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு உள்ளே இழுத்தாள். மேசைக்கு அருகில் போட்டு அமர்ந்தாள்.

இதுதான் சமயம் என்று ஜன்னலிலிருந்து அக்கா கண்ணைக் காட்டினார். மகளின் முதுகு மட்டுமே தெரிந்தது. பீரோ ஓசையின்றி ஓரடி பின்வாங்கினார். டீச்சர் குறுக்கே வந்து நின்றார்.

“சொல்லிட்டுப் போங்க,” என்றார் மெல்லிய குரலில்.

“சொன்னா அழுவா டீச்சர்.”

“அழட்டும். எங்க வகுப்புல அழறதுக்குத் தடை இல்ல. சொல்லாம போனீங்கன்னா, இவ நாள் முழுக்க கதவத்தான் பார்த்துட்டு இருப்பா. படிப்பு எங்கேருந்து வரும்? எங்க போறீங்க, எப்ப வருவீங்க, ரெண்டும் சொல்லுங்க. சொன்ன நேரத்துக்கு வந்துடுங்க. என்னால இவ்வளவுதான் முடியும், மிச்சம் உங்க கையில.”

எத்தனையோ சுமைகளைத் தூக்கிய மனிதர், மகளின் முன்னே மண்டியிட்டு அமர்வதற்குள் வியர்த்துப்போனார்.

“மூட்டை, அப்பா போறேன்டா. லாரி வேலைக்குப் போறேன். மத்தியானம் பன்னிரண்டரைக்கு மணி அடிக்கும். அப்ப வாசல்ல நிப்பேன்.”

அவள் அவரைப் பார்த்தாள். பின்பு வகுப்பே அதிரும்படி அழுதாள். ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை. பீரோ திரும்பிப் பார்க்காமல் நடந்தார்; திரும்பிப் பார்த்திருந்தால் அவரால் போயிருக்க முடியாது. அக்கா, “ரெண்டு பேரும் பைத்தியமா!” என்று பின்னாலிருந்து கத்தினார். துணிப்பையுடன் அவர் நடையிலேயே தங்கிவிட்டார்.

அன்றைய வேலை, நான்கு தெரு தள்ளி ஒரு மூன்றாவது மாடி வீட்டுக்குச் சாமான் ஏற்றுவது. மாடிப்படியோ குறுகல். சலவை இயந்திரம் முதல் திருப்பத்திலேயே மாட்டிக்கொண்டது. அதை விடுவிப்பதற்குள் வெகு நேரம் சென்றுவிட்டது. பன்னிரண்டு மணி அடித்து இருபது நிமிடம் ஆகியும் லாரியில் ஒரு கட்டில் மிச்சம் இருந்தது. பீரோ தோள்துண்டை உதறினார்.

“நான் போகணும்.”

“யோவ் பீரோ, கட்டில அந்தரத்துல விட்டுட்டா?” என்றார் லாரி ஓட்டுநர்.

“கட்டில் அழாதுண்ணே. வந்து தூக்கிக்கிறேன்.”

அவர் ஓடினார். அத்தனை பெரிய உடம்பு ஓடுவதைக் கண்டு தெருவில் போனவர்கள், எங்கோ தீப்பிடித்துவிட்டதென்று எண்ணி வழிவிட்டனர். அழுகை நின்றிருக்குமா? எழுந்து ஓடியிருப்பாளா? ஒருவேளை அக்கா ஏற்கெனவே அவளைப் பேருந்து நிறுத்தத்துக்கு அழைத்துச் சென்றிருப்பாரோ? பள்ளி வாயிலை அடைந்தபோது, மணி இன்னும் அடிக்கவில்லை.

அக்கா நடையில், ஒரு சிறு நாற்காலியில், முழங்கால்கள் முகவாயைத் தொட அமர்ந்திருந்தார்.

“என்னக்கா இது?”

“உன் டீச்சரம்மா வேலை. ‘எவ்வளவு நேரம் நிப்பீங்க, உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்கங்க, எங்க வேணும்னாலும் போட்டுக்கங்க’ன்னாங்க. எனக்கு இதுவரைக்கும் யாருடா அப்படிச் சொல்லியிருக்கா?”

“மூட்டை எங்க?”

“உள்ளதான் இருக்கா. கத்தாத.” அக்கா குரலைத் தாழ்த்தினார். “கூரை பிச்சுக்கிட்டுப் போற அழுகைடா. நான் பையத் தூக்கிட்டு எழுந்தே எழுந்துட்டேன். அந்தம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? ஆறுதல் சொல்லல, அதட்டல. இவ பக்கத்துல உக்காந்து பென்சில் சீவ ஆரம்பிச்சாங்க. சீவி, ‘கூர் சரியா இருக்கா பாருங்க’ன்னு இவகிட்ட நீட்டினாங்க. இவ அழுதுட்டே பார்த்துட்டு ‘இல்ல’ன்னா. திரும்பச் சீவினாங்க. ‘இப்ப?’ ‘இன்னும்.’ இப்படியே வகுப்புக்கு வேண்டிய பென்சில் அத்தனையும் சீவி முடிச்சாங்கடா. கடைசியில இவளுக்கு எதுக்கு அழுதோம்னே மறந்து போச்சு. நானும் மூணு பிள்ளை வளர்த்தேன்…” அவர் வாக்கியத்தை முடிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே வந்தனர். வகுப்பு வாசலில் நின்ற அப்பாவைக் கண்டதும் மூட்டை பாய்ந்து வரவில்லை. முதலில் நடையில் தொங்கிய பள்ளி மணியை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள், பிறகு ஒருவாறு திருப்தியடைந்தவள்போல் நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த டீச்சரை நோக்கிப் பீரோ ஏதோ கூற வாயெடுத்தார்.

“நேரத்துக்கு வந்துட்டீங்க,” என்றார் டீச்சர். “நாளைக்கும் இப்படியே வாங்க.” கூரைக்காரன் அதற்குள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து எதையோ காட்ட இழுத்தான், அவர் போய்விட்டார்.

மூவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தனர். நிறுத்தத்தில் நின்றதும் அக்கா குனிந்து, “ஏன்டி கண்ணு, அத்தை கூட ஊருக்கு வர்றியா?” என்று கேட்டார்.

மூட்டை யோசித்தாள். “லீவு விட்டதும் வர்றேன் அத்தை. நாளைக்கு வந்தா என் நாற்காலி சும்மா கிடக்கும். அந்தக் கூரைப்பையன் அதுல கால் நீட்டுவான்.”

“நீட்டுவான், நீட்டுவான். அவன் மூஞ்சியே சொல்லுது,” என்றார் அத்தை. பேருந்து வந்து நின்றதும் துணிப்பையைத் தம்பியின் கையில் திணித்துவிட்டு, முன்வாசல் வழியே ஏறி ஜன்னலோரம் அமர்ந்தார். “டேய், உன் பொண்டாட்டிக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லு. வீடு வர்ற வரைக்கும் அவளக் காக்க வைக்காத!”

பீரோ அலைபேசியை எடுத்து, அங்கேயே நின்று மனைவியை அழைத்தார். மறுமுனையில் சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, “இருந்தாளா?” என்ற ஒரே சொல் கேட்டது. “இருந்தா,” என்றார். அத்தையை மட்டும் ஏற்றிக்கொண்டு பேருந்து புறப்பட்டது. அப்போது மணி ஒன்று பத்து.